ரணசூரனுக்கு அறிவு மூன்று

கடையத்தில் போய் இசக்கிமணியின் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. காக்கி வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். அப்பா சுடலையாண்டி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் சப்-இன்ஸ்பெக்டர். அக்காளைக் கட்டியவர் ஜெயில் வார்டர். சித்தப்பா மகன்கள் இரண்டு பேரும் துணை ராணுவத்தில். பொங்கலுக்கு எல்லாரும் வந்து கூடி, துணி துவைத்துக் காயப்போட்டால், வீட்டுக்குப் பின்னால் ஏதோ முகாம் இறங்கியிருக்கிறது என்றே நினைக்கத் தோன்றும். அந்தக் கொடியின் ஓரத்தில் பூப்போட்ட அரைக்கைச் சட்டை ஒன்று தொங்கும். அது இசக்கிமணியுடையது.

அவனும் காவலர் தேர்வுக்குப் போகாதவன் அல்ல. மூன்று தடவை போனான். எழுத்துத் தேர்வில் மூன்று தடவையும் பெயர் மேலேயே இருந்தது. மைதானத்தில் நாடாவைக் கொண்டு வந்து மார்பைச் சுற்றும்போதுதான் சிக்கல். இரண்டு தடவை ஒரு சென்டிமீட்டர் குறைந்தது. மூன்றாம் தடவைக்கு ஆறு மாதம் முட்டையும் கொண்டைக்கடலையுமாகத் தின்று, மூச்சை இழுத்துப் பிடிக்கப் பழகிக்கொண்டு போனான். அளவு சரியாக வந்தது. அளந்த காவலர் அதை எழுதிக்கொள்ளட்டும் என்று பிடித்த மூச்சைப் பிடித்தபடியே நின்றவன், விட மறந்து, அவர் மேலேயே மயங்கிச் சாய்ந்தான். நாடா இடுப்பில் சுற்றியிருக்க, நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்து நிழலில் போட்டார்கள். அதோடு வயதும் தாண்டிவிட்டது.

இப்போது அவனுக்கு முப்பத்தேழு. தென்காசி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறான். பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ், வளைகுடாவுக்குப் போகிற பையன்களின் பாஸ்போர்ட், எல்லாம் அவன் விரல் வழியாகத்தான் போகும். எந்தக் கட்டத்தில் எதை எழுதினால் திருப்பி அனுப்புவார்கள், எந்த வார்த்தையைப் போட்டால் கோப்பு நகரும் என்று அவனுக்குத் தெரிந்த அளவுக்குக் கோப்பை வைத்திருக்கிறவர்களுக்கே தெரியாது. "இசக்கி எழுதின மனு திரும்பி வராதுய்யா" என்று வடகரையிலிருந்து சிவகிரிவரைக்கும் பெயர். அவன் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டதே இல்லை. காவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்க வருகிற பையன்களிடம் மட்டும் நெஞ்சளவைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, ஒரு பெருமூச்சோடு தட்டச்சு செய்வான்.

இந்த நிலையில்தான் இத்ரீஸ் சார்ஜாவிலிருந்து ஒரேயடியாக ஊருக்கு வந்து சேர்ந்தான். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஏழு வருஷம் அங்கே ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தவன், வாப்பா குற்றாலத்தில் கட்டிப்போட்டிருந்த லாட்ஜைப் பார்த்துக்கொள்ளத் திரும்பிவிட்டான். சீசன் முடிந்தால் குற்றாலம் லாட்ஜில் குரங்குகளைத் தவிர வேறு யாரும் வந்து எட்டிப் பார்ப்பதில்லை. சும்மா கிடக்கிற அறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆடலாம் என்று, சார்ஜாவில் கூடத் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர்களிடம் கற்றுக்கொண்டு வந்த ஒரு விளையாட்டை எடுத்து வைத்தான்.

விளையாட்டு என்றால் பலகை, காய் ஒன்றும் பெரிதாகக் கிடையாது. ஒருத்தன் கதை சொல்லுவான், அது இத்ரீஸ். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இறங்குவார்கள். காடு, கோட்டை, பூதம், புதையல் எல்லாம் உண்டு. "எதிரே ஓநாய் நிக்கி, என்ன செய்யுதே?" என்று கேட்பான். வெட்டுகிறேன் என்றால், இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். உருட்டியதோடு உன் ஆளின் திறமையைக் கூட்டி, வெட்டு விழுந்ததா இல்லையா என்று அவன் சொல்லுவான்.

ஆள் உருவாக்குவதற்கு ஒரு கணக்கு உண்டு. வலிமை, வேகம், தாங்குதிறன், அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு குணம். அறுபத்துமூன்று புள்ளியை ஆறுக்கும் பங்கு வைக்க வேண்டும். எதுவும் மூன்றுக்குக் குறையக் கூடாது, பதினெட்டுக்கு மேல் போகவும் கூடாது. அதுபோக எழுத்து, நீச்சல், சமையல், பேரம், முதலுதவி, மரமேறுதல் என்று ஆறு சாதாரணத் திறமைகள் எல்லாருக்கும் இலவசம். அதில் எதையாவது வேண்டாமென்று விட்டுக்கொடுத்தால், வாளுக்கோ கேடயத்துக்கோ ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும்.

இசக்கிமணிக்கு இதைக் கேட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு படிவம்! அதுவும் நெஞ்சளவை நாமே நிரப்பிக்கொள்ளலாம்! அளந்து பார்க்க ஒருத்தனும் நாடாவோடு வரப்போவதில்லை.

ஒரு வாரம் கடையில் வந்தவர்களுக்கெல்லாம் "சர்வர் டவுன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, இணையத்தில் போர்வீரனுக்கு 'பில்டு' போடுவது, அதாவது ஆளை அமைப்பது எப்படி என்று எழுதியிருந்ததையெல்லாம் நாற்பத்திரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டான். போர்வீரனுக்கு எது தேவை? அடிக்கணும், அடிபட்டால் தாங்கணும், முந்திக்கணும். மற்றதெல்லாம் எதற்கு? வலிமை பதினெட்டு, வேகம் பதினெட்டு, தாங்குதிறன் பதினெட்டு. அறிவு மூன்று, விவேகம் மூன்று, வசீகரம் நான்கு. ஆறு திறமையையும் மொத்தமாக விற்று, வாளையும் கேடயத்தையும் ஏற்றினான். உச்சி முதல் உள்ளங்கால்வரை இரும்புக் கவசம். உயரம் ஆறடி இரண்டு அங்குலம். மார்பு நாற்பத்தெட்டு அங்குலம், மூச்சு இழுக்காமல். பெயர் ரணசூரன்.

அவன் மனைவி பேராச்சி ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள் அந்தத் தாளையும் வாங்கிப் பார்த்தாள். கையில் இருந்த சிவப்புப் பேனா தானாகவே நகர்ந்தது.

"கூட்டல் தப்பு. அறுபத்துநாலு வருது."

இசக்கிமணி பதறிப்போய் வாங்கிப் பார்த்து, வசீகரத்தில் ஒன்றைக் குறைத்து மூன்றாக்கினான்.

"எழுதத் தெரியாது, சமைக்கத் தெரியாது, பேசத் தெரியாது, நீந்தத் தெரியாது" என்று பேராச்சி விரல்விட்டு எண்ணினாள். "இவனுக்கு யாருங்க பொண்ணு குடுப்பா?"

"ஃபைட்டருக்கு எதுக்குட்டி பொண்ணு?"

"அதுஞ் சரிதான். பொண்ணு தப்பிச்சா."

அந்த ஞாயிற்றுக்கிழமை லாட்ஜின் பதினோராம் நம்பர் அறையில் நாலு பேர் கூடினார்கள். இத்ரீஸ், இசக்கிமணி, பிறகு பெலிக்ஸ் என்கிற மெடிக்கல் ரெப், மஞ்சு என்கிற ஸ்டாஃப் நர்ஸ். பெலிக்ஸ் ஒரு மந்திரவாதியைப் போட்டிருந்தான். மாதம் முழுக்க டாக்டர்களின் வாசலில் பையோடு உட்கார்ந்திருப்பவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபேனுக்குக் கீழே வாழைக்காய் பஜ்ஜியோடு இருந்தால் போதும். மஞ்சு அரசு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் எட்டு வருஷம் நின்றவள். அவளும் ஒரு போர்வீரியைத்தான் போட்டிருந்தாள். பெயர் மருதாயி. கையில் ஈட்டி, தோளில் நாற்பது முழம் கயிறு. வலிமை பன்னிரண்டு, தாங்குதிறன் பதின்மூன்று, மற்றதெல்லாம் ஒன்பதும் பத்தும். ஒரு திறமையையும் விற்கவில்லை.

இசக்கிமணி அந்தத் தாளை ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"இது ரொம்ப வீக்கான பில்டும்மா. எல்லாத்துலயும் பாஸ் மார்க்கு வாங்கி என்ன பிரயோஜனம்? ஃபைட்டர்னா அடிக்கணும்."

"அண்ணாச்சி, குடிச்சிட்டு வந்து கேஷுவால்டில கண்ணாடிய ஒடைக்கவன எத்தனையோ பேர அடக்கிருக்கேன். ஒருத்தனையும் அடிச்சது கெடையாது. எவன் நெசமாவே அடிப்பான், எவன் சும்மா துள்ளுதான்னு பாத்தாத் தெரியணும். அவ்வளவுதான்."

"அது ஆஸ்பத்திரி. இது போர்க்களம்" என்றான் இசக்கிமணி, இரண்டையும் நேரில் பார்த்தவன் மாதிரி. ஸ்பைரல் பைண்டிங்கைத் திறந்து பதினேழாம் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தான். பெலிக்ஸ் பஜ்ஜியை முடித்துவிட்டுத் தூங்கிப்போனான்.

முதல் நாலு வாரம் ரணசூரனின் ராஜ்ஜியம்தான். ஓநாய்க் கூட்டத்தை ஒரே சுற்றில் வெட்டிச் சாய்த்தான். கொள்ளையர் பாசறையில் பதினோரு பேர். மருதாயி ஈட்டியைத் தூக்குவதற்குள் பதினோரு பேரும் பதினோரு பொட்டலமாகக் கிடந்தார்கள். பெலிக்ஸின் மந்திரவாதி ஒரே ஒரு மந்திரம் சொன்னான். அது செத்துப்போன கொள்ளையன் மேல் விழுந்தது. "விடு, நான் பாத்துக்கிடுதேன்" என்பதே ரணசூரனின் ஒரே வசனமாயிற்று. ஒவ்வொரு வெட்டுக்கும் இசக்கிமணி நாற்காலியை விட்டு எழுந்து கையை வீசிக் காட்டினான். அதில் ஒருதடவை ஃபிளாஸ்க் உடைந்தது. இத்ரீஸ் அதைப் பெருக்கி எடுத்துவிட்டு, குறிப்பு நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டான். அவனுக்கு உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது என்பதை இசக்கிமணி கவனிக்கவில்லை. ரணசூரனுக்குத்தான் விவேகம் மூன்று. அவனோடு சேர்ந்து இவனுக்கும் கொஞ்சம் குறைந்துவிட்டது போலும்.

வெற்றி தலைக்கு மட்டும் ஏறியிருந்தால் பரவாயில்லை, தோளுக்கும் ஏறியது. பூப்போட்ட சட்டைக்குள் அக்குளில் இரண்டு இளநீர் வைத்திருப்பவன்போல நடந்தான். ஏப்ரலில் கோடை மழை பெய்து பேரருவியில் கொஞ்சம் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டு பேராச்சியோடு குளிக்கப் போனான். கூட்டம் நெருக்கியது. முன்னால் ஒருத்தன் நகராமல் நின்றான். இசக்கிமணி, ரணசூரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவன் முதுகில் கை வைத்தான்.

"ஏலே, தள்ளி நில்லுலே."

முதுகு திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது. பீரோ அளவுக்கு இருந்த ஒரு மலையாளத்துக்காரர், தலையிலிருந்து எண்ணெய் வடிய, "எந்தா சேட்டா?" என்றார்.

"தண்ணி... நல்லா விழுது, பாத்தீங்களான்னு கேட்டேன்" என்றான் இசக்கிமணி. அவர் சிரித்து, அவன் தோளைப் பிடித்துத் தனக்கு முன்னால் நல்ல இடத்தில் தூக்கி நிறுத்தினார். பத்து நிமிஷம் அவர் பிடியிலேயே குளித்தான். பெண்கள் பக்கத்திலிருந்து பேராச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்து அப்பா சுடலையாண்டி கண் ஆபரேஷனுக்காகத் தென்காசிக்கு வந்து இவன் வீட்டில் தங்கியிருந்தார். புதுக் கண்ணுக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்துத் தள்ளினார். பால் பாக்கெட், கேஸ் பில், மருந்துச் சீட்டு என்று வாசித்துக்கொண்டே வந்தவர் மேசையில் கிடந்த ரணசூரன் தாளில் நின்றுவிட்டார். மகனின் கடையில் என்ன வேலை நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அது யாரோ கொடுத்த விண்ணப்பம் என்றே எடுத்துக்கொண்டார்.

"ஏலே இசக்கி, யாருலே இந்தப் பய? ஆறடி ரெண்டு! நெஞ்சு நாப்பத்தெட்டு! எந்த ஊரு?"

"சிவகிரி பக்கம்" என்றான் இசக்கிமணி.

"சிவகிரில இப்படி ஒரு ஆளா! தாங்குதிறன் பதினெட்டுன்னு வேற போட்டிருக்கு. பெத்தவன் குடுத்து வச்சவன்லே." தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். சொந்தப் பிள்ளையை அந்த மாதிரி அவர் பார்த்ததாக இசக்கிமணிக்கு நினைவில்லை. "அறிவு மூணுன்னு கெடக்கே?"

"ஆமா."

"அதுக்கென்ன, சொன்னதக் கேப்பான். கண்டிப்பா எடுத்துருவாங்க. ஆர்டர் வந்தாச் சொல்லு, நானே ஒரு சால்வ போடுதேன்."

இசக்கிமணி எதிரே நின்றுகொண்டிருந்தான். தான் உண்டாக்கிய ஆளை அப்பா புகழ்கிறார் என்று சந்தோஷப்படுவதா, அந்த ஆள் தான் இல்லையே என்று வருத்தப்படுவதா என்று புரியாமல், அவருக்குக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டான். சொட்டு மூக்கில் விழுந்தது.

ஐந்தாவது வாரம் வந்தது. உடைந்த ஃபிளாஸ்க்கையே நினைத்துக்கொண்டிருந்த இத்ரீஸ், குறிப்பு நோட்டைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"காட்டாறு. மேல ஒரு தூக்குப் பாலம். இந்தப் பக்கம் ஒரு சாவடி. உள்ள ஒரு கெழட்டுப் பூதம் மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. கையில ஆயுதம் ஒண்ணும் கெடையாது, முத்திரைக் கட்டை மட்டும் இருக்கு. 'பாலம் தாண்ட அனுமதி வேணும். எத்தன பேரு, எதுக்குப் போறீங்க, எப்பத் திரும்புவீங்க, மனுவா எழுதித் தாங்க'ங்குது."

பெலிக்ஸுக்கே தூக்கம் கலைந்துவிட்டது. இசக்கிமணியின் முகம் மலர்ந்தது.

"இவ்வளவுதானா? பேப்பரக் கொண்டா" என்று பேனாவைத் திறந்தான். "பெறுநர், உயர்திரு பாலச் சாவடி அலுவலர் அவர்கள். பொருள், பாலம் கடக்க அனுமதி வேண்டுதல் தொடர்பாக. பார்வை..."

"இரு இரு" என்றான் இத்ரீஸ். "இத யாரு எழுதுதா?"

"நான்தான்."

"நீயா, ரணசூரனா?"

"ரணசூரன்தான்."

"அவனுக்கு எழுதத் தெரியாதுலா. எழுத்த வித்துத்தான கேடயத்துக்கு ஒரு புள்ளி வாங்குன?"

பேனா காற்றில் நின்றது. இசக்கிமணி ஸ்பைரல் பைண்டிங்கைப் பார்த்தான். நாற்பத்திரண்டு பக்கத்தில் எந்தப் பக்கத்திலும் மனுவைப் பற்றி ஒரு வரி கிடையாது.

"சரி, வாயால சொல்லுதேன். அதுக்கென்ன."

"வசீகரம் மூணு, அறிவு மூணு. உருட்டு."

உருட்டினான். நாலு விழுந்தது.

"நீ பேசுனது அதுக்கு உறுமுத மாதிரி கேட்டிருக்கு. ஜன்னலச் சாத்திருச்சு."

மஞ்சு முன்னால் வந்தாள். மருதாயி போய் ஜன்னலைத் தட்டி, பெரியவரே என்று மரியாதையாகக் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்தால் எப்படி என்று கேட்டாள். அவள் பகடையை எடுப்பதற்குள் இசக்கிமணி எழுந்துவிட்டான்.

"விடு, நான் பாத்துக்கிடுதேன். சாவடிய வெட்டுதேன்."

"அண்ணாச்சி, வேண்டாம்."

"வெட்டுதேன்!"

வெட்டு விழுந்தது. ரணசூரனின் வெட்டு விழாமல் இருக்குமா! சாவடி இரண்டாகப் பிளந்தது. பாலத்தை நிறுத்திவைத்திருந்த விசையும் அந்தச் சாவடிக்குள்தான் இருந்தது. அவன் பாலத்தில் கால் வைத்ததும் அது ஒரு பக்கமாகக் கவிழ்ந்து, ரணசூரன் இரும்போடு இரும்பாக ஆற்றில் விழுந்தான்.

"நீச்சல்?" என்றான் இத்ரீஸ்.

அது வாளுக்குப் போயிருந்தது.

"தாங்குதிறன் பதினெட்டு இருக்குல்லா, சட்டுனு சாகமாட்டான். கொஞ்ச நேரம் மூச்சப் பிடிச்சிக்கிட்டு அடியில கெடப்பான்" என்றான் இத்ரீஸ் பரிவோடு.

மருதாயி கயிறை வீசினாள். ரணசூரன் பிடித்தான். கனம் தாங்காமல் மருதாயியும் கரையில் சறுக்கினாள்.

"கவசத்த அறுத்து விட்டுருங்க அண்ணாச்சி, இழுத்துருவேன்" என்றாள் மஞ்சு. "வார் நாலுதான். ஒரு சுத்துல அறுத்துரலாம்."

"கவசத்தக் கழட்டுனா அப்புறம் அவன்கிட்ட என்ன இருக்கு?"

"உசுரு இருக்கும்."

"பாதுகாப்புப் புள்ளி ஒம்பதுக்கு எறங்கிரும். அதெல்லாம் முடியாது. கழட்ட மாட்டான்."

கழற்றவில்லை. மூன்று சுற்று முடிந்தது. கயிறு அறுந்தது. குமிழி வருவது நின்றதாக இத்ரீஸ் சொன்னான். பெலிக்ஸ் எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்தினான். அது அஞ்சலியா கிண்டலா என்று கடைசிவரை தெரியவில்லை.

இசக்கிமணி ஒரு மணி நேரம் வாதாடினான். பதினேழாம் பக்கம், முப்பத்தொன்றாம் பக்கம் என்று விரலை வைத்துக் காட்டினான். கடைசியில் பைண்டிங்கைத் தூக்கி மேசையில் அடித்தான்.

"ஃபைட்டர் கேம்னு சொல்லிக் கூப்புட்டு, தாலுகா ஆபீஸக் கொண்டாந்து வச்சிருக்கியேலே! இது நியாயமா?"

மஞ்சுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணாச்சி, நாலு வருஷமா நகராத என் டிரான்ஸ்ஃபர, ஒரே மனுவில ஊருக்குக் கொண்டாந்தது யாரு? நீங்கதான? ஒங்ககிட்ட இருக்குததுல ஒண்ணக்கூட அந்த ஆளுக்குக் குடுக்கலியே, ஏன்?"

இசக்கிமணி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினான். பெட்ரோல் இல்லாமல் இலஞ்சிக்குப் பிரிகிற விலக்கில் நின்றுபோனது. மீதி தூரத்தைத் தள்ளிக்கொண்டே வந்தான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவன் குற்றாலம் பக்கம் தலைவைக்கவில்லை. அப்பா ஊருக்குக் கிளம்புகிற அன்று மறக்காமல் கேட்டார்.

"அந்த ஆறடி ரெண்டு பய என்ன ஆனான்? செலக்சன் ஆயிட்டானா?"

"செத்துட்டான்."

"அடப்பாவி! எப்படி?"

"ஆத்துல விழுந்து. நீச்சல் தெரியாது."

சுடலையாண்டி பையைக் கீழே வைத்தார். "நீச்சல் தெரியாதவனையெல்லாம் எவன்லே விண்ணப்பம் போடச் சொன்னான்?" என்று கோபத்தோடு கேட்டுவிட்டு பஸ் ஏறினார்.

நாலாவது வாரம் இத்ரீஸே கடைக்கு வந்தான். சமாதானத்துக்கு வரவில்லை. லாட்ஜுக்கு ஏதோ உரிமம் புதுப்பிக்க வேண்டும். அவன் தானே எழுதிப் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. இசக்கிமணி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "டோக்கன் எடுத்துட்டு உக்காரு" என்றான். அந்தக் கடையில் அதுவரை டோக்கன் என்று ஒன்று இருந்ததே கிடையாது. ஒரு துண்டுத் தாளில் ஏழு என்று எழுதிக் கொடுத்தான். கடையில் வேறு ஆளும் கிடையாது.

அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டான். வரைபடம் இரண்டு நகல் வேண்டும் என்றான். இத்ரீஸ் கொண்டுவந்தான். அதில் அளவுகோல் குறிக்கவில்லை என்றான். குறித்துக்கொண்டு வந்தான். வாப்பாவின் பெயரில் ஒரு இடத்தில் 'ஷேக்', இன்னொரு இடத்தில் 'சேக்' என்று இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு உறுதிமொழி வேண்டும் என்றான். மூன்றாம் நாள் உறுதிமொழியோடு வந்தபோது, இசக்கிமணி தன் மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்தி, கண்ணாடிக்கு மேலே பார்த்து, "இதுல உங்க கையெழுத்து கோட்டுக்கு வெளிய போயிருக்கே" என்றான். குரல் தேன்போல இருந்தது.

இத்ரீஸ் அவனையே பார்த்தான். கோபம் மெதுவாக வடிந்து, முகத்தில் வேறு ஒன்று வந்தது.

"ஏலே," என்றான், "அந்தப் பூதம் நீதாம்லே."

"எந்தப் பூதம்?"

"சாவடிப் பூதம். சாவடிய வெட்டுனதுல பூதத்துக்கு ஒண்ணும் ஆகல. அது பாலத்த நிமித்தி, வேற சாவடி கட்டி உக்காந்திருக்கு. இவங்க மூணு வாரமாப் பாலத்துக்கு இந்தப் பக்கந்தான் கெடக்காங்க. எனக்கு அத நடத்தத் தெரியல மக்கா. நான் கேட்டா மஞ்சு ரெண்டு பேச்சுல மடக்கிருதா. நீ வந்து உக்காரு."

"ஃபைட்டர் இல்லாம நான் ஆடமாட்டேன்."

"ஒருத்தனும் தாண்ட முடியாத எடத்துல நிக்கவன் ஃபைட்டர் இல்லாம வேற யாருலே?"

இசக்கிமணி யோசித்தான். யோசிப்பதாகக் காட்டிக்கொண்டே உரிம விண்ணப்பத்தை ஏழு நிமிஷத்தில் முடித்து அனுப்பினான். அது திரும்பி வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூதத்தின் தாளை நிரப்பினான். வலிமை மூன்று. வேகம் மூன்று. தாங்குதிறன் பதினெட்டு, உட்கார்ந்தே இருக்க அது வேண்டும். அறிவு பதினெட்டு, விவேகம் பதினெட்டு. வசீகரம் மூன்று. "இதுக்கு எதுக்கு வசீகரம்?" என்றான். கூட்டலைப் பேராச்சி சரிபார்த்தாள். டிக் போட்டாள்.

அதற்கப்புறம் அந்த அறையில் நடந்ததை விளையாட்டு என்று சொல்வது கஷ்டம். முதல் வாரம் மருதாயியின் மனு, நோக்கம் தெளிவாக இல்லை என்று திரும்பியது. இரண்டாம் வாரம் மந்திரவாதியின் தொழில் பதிவுச் சான்று கேட்கப்பட்டது. பெலிக்ஸ் மந்திரத்தால் ஒரு சான்றை உண்டாக்கினான். அதில் முத்திரை தலைகீழாக இருப்பதைப் பூதம் கண்டுபிடித்தது. மூன்றாம் வாரம் மஞ்சு பொறுமையிழந்து ஒரு பொற்காசை ஜன்னல் வழியாகத் தள்ளினாள். பூதம் அதை எடுத்து, பதிவேட்டில் 'கண்டெடுக்கப்பட்ட பொருள்' என்று எழுதி, ரசீது கொடுத்தது. "எட்டு வருசம் கேஷுவால்டில பாத்ததுலகூட இப்படி ஒருத்தனப் பாத்ததில்ல" என்று மஞ்சு தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். ஈட்டியால் குத்தினால் என்ன என்று முதல்முதலாக அவளுக்குத் தோன்றியது. "ஆறு நாளும் ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்குதேன், ஞாயித்துக்கிழமையுமா?" என்று பெலிக்ஸ் அழாத குறையாகச் சொன்னான். ஆனால் ஒரு வாரமும் வராமல் இருக்கவில்லை. தூங்கவும் இல்லை.

இசக்கிமணி நிமிர்ந்து உட்காரவில்லை, கையை வீசவில்லை, ஒரு ஃபிளாஸ்க்கும் உடையவில்லை. கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு, "அடுத்த ஆள்" என்பான். அவ்வளவுதான். அப்போது அவன் முகத்தில் இருந்த திருப்தியை, கல்யாண போட்டோவில்கூடப் பார்த்ததில்லை என்று ஒரு ஞாயிறு வேடிக்கை பார்க்க வந்த பேராச்சி சொன்னாள். நல்ல மனுஷன்தான், ஆனால் கையில் முத்திரையைக் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னாள்.

ஜூன் பிறந்து சாரல் இறங்கியது. சீசன் கூட்டம் வர, பதினோராம் நம்பர் அறைக்கும் ஆள் வந்துவிட்டது. கதையை எப்படியாவது முடித்துவிடலாம் என்று இத்ரீஸ் ஒரு வழி கண்டுபிடித்தான். ஆற்றுக்கு மேலே, மலைக்குள், பாலமே இல்லாமல் கடக்கிற ஒரு பாறைத் தடம் இருக்கிறதாம். கதை சொல்லுகிறவன் அவன். அவன் வைத்ததுதான் உலகம்.

"அந்தத் தடமும் இதே சாவடியோட எல்லைக்குள்ளதான் வருது" என்றது பூதம். "அங்கன புதுசா வழி தெறக்கணும்னா, தெறக்குதவரு மனு குடுக்கணும்."

"நான் கத சொல்லுதவம்லே!"

"அதையும் மனுவுல குறிப்பிடுங்க."

மஞ்சுவும் பெலிக்ஸும் இத்ரீஸின் முகத்தைப் பார்த்தார்கள். வெளியே வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அறை கேட்டு வந்த குடும்பம் வராந்தாவில் ஈரத் துண்டோடு நின்றது. இத்ரீஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு தாளை இழுத்து, முதல் வரியில் 'பெறுநர்' என்று எழுதினான். முழுப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

இசக்கிமணி இரண்டு தடவை வாசித்தான். பிறகு, தேதி போடவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான்.